17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பைக் காற்பந்து

17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பைக் காற்பந்து என்பது பன்னாட்டுக் காற்பந்துச் சங்கங்களின் கூட்டமைப்பான பிஃபாவினால் நடத்தப்படும், இளைஞர்களைக் கொண்ட ஆண்கள் தேசிய அணிகளுக்கான சுற்றுப்போட்டி ஆகும். இது 1985 ஆம் ஆண்டு சீனாவில் முதன்முதலாக நடைபெற்றது. 2025 ஆம் ஆண்டு வரை 20 சுற்றுப்போட்டிகள் நடந்துள்ளன. இவற்றுள் நைஜீரியா 5 முறையும், பிரேசில் 4 முறையும், கானா, மெக்சிக்கோ ஆகியன தலா 2 முறையும் கோப்பையை வென்றுள்ளன. 2025 நவம்பரில் கத்தாரில் நடைபெற்ற சுற்றுப்போட்டியில் போர்த்துகல் முதன்முறையாக வாகை சூடியது.

மூத்தோருக்கான உலகக்கோப்பையில் பங்கேற்க, ஒருவர் குறிப்பிட்ட நாட்டுக்காக விளையாடும் உரிமை பெற்றிருத்தல் போதுமானது. இச்சுற்றுப்போட்டியில் அதனுடன் பிறந்த நாளும் தகுதியைத் தீர்மானிக்கின்றது. இதனால் வயதை எவ்வாறு உறுதி செய்வது என்ற கேள்வி இப்போட்டியின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வந்துள்ளது.

## தோற்றம்

சிங்கப்பூர் காற்பந்துச் சங்கம் 1977 ஆம் ஆண்டில் சிங்க நகரக் கிண்ணம் என்னும் போட்டியைத் தொடங்கியது. 16 வயதுக்குட்பட்டோருக்கென உலகில் நடத்தப்பட்ட முதல் காற்பந்துச் சுற்றுப்போட்டியாக இது கருதப்படுகின்றது. அப்போது பிஃபாவின் பொதுச் செயலாளராக இருந்த செப் பிளாட்டர் 1982 ஆம் ஆண்டுப் போட்டியின்போது சிங்கப்பூருக்குச் சென்றிருந்தார். அதன் பின்னர் அவர் செய்த பரிந்துரையின் பேரில், இதே வயதினருக்கான உலகப் போட்டியை பிஃபா உருவாக்கியது. 20 வயதுக்குட்பட்டோருக்கான பிஃபாவின் போட்டி அதற்கு முன்னரே, 1977 இல், தூனிசியாவில் தொடங்கியிருந்தது.

## பெயரும் வயது வரம்பும்

1985, 1987, 1989 ஆகிய ஆண்டுகளில் வயது வரம்பு 16 ஆக இருந்தது. 1991 இல் இது 17 ஆக உயர்த்தப்பட்டது. 2005 வரை உலக வாகையர் போட்டி என வழங்கப்பட்டு வந்த இது, 2007 முதல் உலகக்கோப்பை என்னும் பெயரைப் பெற்றது.

வயது, போட்டி நடைபெறும் நாளைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. சனவரி 1 ஆம் நாளே எல்லையாகக் கொள்ளப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, 2017 சுற்றுப்போட்டியில் 2000 சனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களும், 2025 சுற்றுப்போட்டியில் 2008 சனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களும் பங்கேற்கலாம் என விதிக்கப்பட்டது. ஆகவே சனவரியில் பிறந்த ஒருவர், போட்டி அக்டோபரிலோ நவம்பரிலோ நடைபெறும்போது 17 வயது நிறைந்து பல மாதங்களைக் கடந்திருப்பார். விதியின்படி இது முறையானதே.

## போட்டி முறை

ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, தென் அமெரிக்கா, வட மற்றும் நடு அமெரிக்கா-கரிபியன், ஓசியானியா ஆகிய ஆறு மண்டலக் கூட்டமைப்புகளும் தத்தம் 17 வயதுக்குட்பட்டோர் போட்டிகளை நடத்துகின்றன. அவற்றின் வாயிலாகவே அணிகள் தேர்வு பெறுகின்றன. போட்டியை நடத்தும் நாடு தகுதிச் சுற்றின்றி நேரடியாக இடம்பெறும்.

* 1985 முதல் 2005 வரை: 16 அணிகள், 4 குழுக்கள், 32 ஆட்டங்கள்.
* 2007 முதல் 2023 வரை: 24 அணிகள், 6 குழுக்கள், 52 ஆட்டங்கள்.
* 2025: 48 அணிகள், 12 குழுக்கள், 104 ஆட்டங்கள்.

2025 இல் ஐரோப்பாவுக்கு 11, ஆப்பிரிக்காவுக்கு 10, போட்டியை நடத்திய கத்தார் உட்பட ஆசியாவுக்கு 9, வட மற்றும் நடு அமெரிக்கா-கரிபியனுக்கு 8, தென் அமெரிக்காவுக்கு 7, ஓசியானியாவுக்கு 3 என இடங்கள் பகிரப்பட்டன. ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடங்களைப் பெற்ற அணிகளும், மூன்றாம் இடம் பெற்றவற்றுள் சிறந்த 8 அணிகளும் அடுத்த சுற்றுக்குச் சென்றன. அண்மைக்காலச் சுற்றுப்போட்டிகளின் வெளியேற்றச் சுற்றுகளில் கூடுதல் நேரம் வழங்கப்படுவதில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தால் உடனடியாகச் சமன்நீக்கி உதைகளால் வெற்றி தீர்மானிக்கப்படும்.

சுற்றுப்போட்டி 2019 வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்பட்டது. 2025 முதல் 2029 வரை ஆண்டுதோறும் கத்தாரில் நடத்த பிஃபா முடிவு செய்துள்ளது.

## வரலாறு

### 1985-1995

முதல் சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டத்தில் நைஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-0 என வென்றது. பிஃபா நடத்தும் உலகப் போட்டியொன்றில் ஆப்பிரிக்க நாடொன்று பெற்ற முதல் வெற்றி இதுவாகும். இக்காலப்பகுதியில் நடந்த 6 சுற்றுப்போட்டிகளில் நான்கை நைஜீரியாவும் கானாவும் வென்றன. மூத்தோர் உலகக்கோப்பையில் அந்நாளில் ஆப்பிரிக்க அணி எதுவும் காலிறுதிக்கு அப்பால் சென்றதில்லை என்பதை நோக்க, இவ்வெற்றிகள் பெரும் கவனத்தை ஈர்த்தன.

1989 இல் ஸ்காட்லாந்தில் நடந்த இறுதி ஆட்டத்தை கிளாஸ்கோ நகரின் ஆம்ப்டன் பார்க் அரங்கில் 50,000 க்கும் மேற்பட்டோர் கண்டனர். இரண்டு கோல்கள் முன்னிலை பெற்றிருந்த ஸ்காட்லாந்தை 2-2 எனச் சமன் செய்த சவூதி அரேபியா, சமன்நீக்கி உதைகளில் 5-4 என வென்றது. ஆண்களுக்கான பிஃபா உலகப் போட்டிகளில் ஆசிய நாடொன்று பெற்ற முதல் கோப்பை இதுவாகும். சவூதி வீரர்களின் வயது குறித்து ஸ்காட்லாந்துத் தரப்பில் ஐயம் எழுப்பப்பட்டது. ஆயினும் அது மெய்ப்பிக்கப்படவில்லை.

### 1997-2005

இக்காலத்தின் 5 சுற்றுப்போட்டிகளில் மூன்றை பிரேசில் வென்றது. 1997 இல் எகிப்தில் வென்ற அணியில் ரொனால்டீனியோ இடம்பெற்றிருந்தார். 2001 இல் டிரினிடாட் டொபாகோவில் பிரான்ஸ் வென்றது. 2005 இல் பெருவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மெக்சிக்கோ பிரேசிலை 3-0 என வீழ்த்தியது.

### 2007-2015

நைஜீரியா இக்காலத்தில் மூன்று முறை (2007, 2013, 2015) வாகை சூடியது. 2009 இல் தன் சொந்த மண்ணில் நடந்த இறுதி ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 0-1 எனத் தோற்றது. சுவிட்சர்லாந்தின் அவ்வணியில் விளையாடிய கிரானித் சாக்கா, ரிக்கார்டோ ரொட்ரீகசு, அரிசு செபெரோவிச் ஆகிய மூவரும் பின்னர் மூத்தோர் அணியின் தூண்களாயினர். அதே போட்டியில் நெய்மார், கோட்டினியோ, காசிமிரோ, அலிசன் ஆகியோரைக் கொண்டிருந்த பிரேசில் குழுநிலையிலேயே வெளியேறியது. 2015 இல் நைஜீரியாவின் விக்டர் ஒசிமென் 10 கோல்கள் அடித்தார். ஒரே சுற்றுப்போட்டியில் ஒருவர் 10 கோல்கள் அடித்தது அதுவே முதன்முறை.

### 2017 முதல்

2019 இல் போட்டியை நடத்துவதாக இருந்த பெருவிடமிருந்து அவ்வாய்ப்பு விலக்கப்பட்டு பிரேசிலுக்கு வழங்கப்பட்டது. தென் அமெரிக்கத் தகுதிப் போட்டியின் முதற்கட்டத்திலேயே தோற்றிருந்த பிரேசில், நடத்தும் நாடு என்ற முறையில் இடம்பெற்று கோப்பையையும் வென்றது. 2021 சுற்றுப்போட்டி கோவிட்-19 பெருந்தொற்றினால் கைவிடப்பட்டது. 2023 சுற்றுப்போட்டி பெருவிடமிருந்து மீண்டும் விலக்கப்பட்டு இந்தோனேசியாவில் நடைபெற்றது. அதில் ஜெர்மனி, பிரான்சைச் சமன்நீக்கி உதைகளில் வென்றது. அதே ஆண்டின் ஐரோப்பிய 17 வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டமும் இவ்விரு அணிகளுக்கிடையே இதே முறையில் முடிவுற்றது குறிப்பிடத்தக்கது.

## வயது குறித்த சிக்கல்

### காரணங்கள்

பதின்ம வயதில் ஓரிரு ஆண்டு வேறுபாடு கூட உயரம், எடை, விரைவு, வலிமை ஆகியவற்றில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தும். எனவே 19 அல்லது 20 வயதினர் ஒருவர் 16 வயதினருடன் விளையாடினால் அவருக்குக் கிடைக்கும் மேலாண்மை திறமையினால் மட்டும் வந்ததாகாது.

வயதைக் குறைத்துக் காட்டுவதற்குப் பல தூண்டுதல்கள் உள்ளன. ஐரோப்பியக் கழகங்களின் ஆள்தேர்வாளர்கள் இச்சுற்றுப்போட்டிகளுக்கு வருகின்றனர். 17 வயதில் சிறப்பாக ஆடும் வீரருக்குக் கிடைக்கும் ஒப்பந்தம், அதே ஆட்டத்தை 20 வயதில் ஆடுபவருக்குக் கிடைப்பதில்லை. பல வீரர்களுக்கு அவ்வொப்பந்தம் ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றக்கூடியது. மறுபுறம், பயிற்றுநர்களும் சங்க அலுவலர்களும் பெறும் வெற்றிகளைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றனர்.

ஆவணச் சிக்கலும் உண்டு. சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறக்குறைய பாதிப் பேரின் பிறப்பு பதிவு செய்யப்படவில்லை என்பதை ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. பிறந்தபோது பதிவு செய்யப்படாத ஒருவருக்குப் பின்னாளில் பெறப்படும் சான்றிதழில், எந்த ஆண்டும் எழுதப்படக்கூடும். ஆகவே தவறான பிறந்த நாள் ஒவ்வொன்றும் திட்டமிட்ட ஏமாற்று எனக் கொள்ளவியலாது. எனினும், இச்சிக்கல் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதும் அன்று.

### தொடக்க கால நிகழ்வுகள்

1988 ஆம் ஆண்டு 20 வயதுக்குட்பட்டோருக்கான வட, நடு அமெரிக்க மண்டலப் போட்டியில் மெக்சிக்கோ வயது வரம்பைக் கடந்த நான்கு வீரர்களைக் களமிறக்கியது கண்டறியப்பட்டது. இதற்காக அந்நாட்டு அணிகள் அனைத்தும் இரண்டு ஆண்டுகள் பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து தடை செய்யப்பட்டன. அதன் விளைவாக மெக்சிக்கோ 1988 ஒலிம்பிக் போட்டியையும் 1990 உலகக்கோப்பையையும் இழந்தது.

அதை அடுத்து நைஜீரியா தண்டிக்கப்பட்டது. 1988 ஒலிம்பிக்கில் பங்கேற்ற மூன்று வீரர்களுக்கு அளிக்கப்பட்ட பிறந்த நாள்கள், அவர்களே முன்னர் விளையாடிய போட்டிகளில் அளித்தவற்றுடன் பொருந்தவில்லை. பிஃபா அந்நாட்டை இளையோர் போட்டிகளிலிருந்து இரண்டு ஆண்டுகள் விலக்கியது. 1991 ஆம் ஆண்டு 20 வயதுக்குட்பட்டோர் போட்டியை நடத்தும் வாய்ப்பும் நைஜீரியாவிடமிருந்து பறிக்கப்பட்டு போர்த்துகலுக்கு அளிக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளிலும் தண்டனைக்கு அடிப்படையாக அமைந்தவை ஆவணங்களே. ஒரே தவறான நாளைத் தொடக்கம் முதல் மாற்றாமல் பயன்படுத்திய ஒருவரை ஆவணங்களை ஒப்பிடும் முறையால் கண்டறிய இயலாது.

### மணிக்கட்டுச் சோதனை

ஆவணங்களைச் சாராத ஒரு வழியாக எலும்பின் முதிர்ச்சியை அளவிடும் முறை கொண்டுவரப்பட்டது. மணிக்கட்டை ஒட்டிய ஆரை எலும்பின் முனையில் குருத்தெலும்பாலான வளர்தட்டு ஒன்று உள்ளது. வளரும் பருவம் முடியும்போது இத்தட்டு சிறிது சிறிதாக எலும்பாக மாறி, இறுதியில் முழுமையாக இணைந்துவிடும்.

இதனை ஊடுகதிர்ப் படத்தின் மூலமும் காணலாம். ஆனால் மருத்துவத் தேவை ஏதுமில்லாத சிறுவர்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது முறையன்று. எனவே கதிர்வீச்சு இல்லாத காந்த ஒத்ததிர்வுப் படிமம் (எம்.ஆர்.ஐ.) தேர்ந்தெடுக்கப்பட்டது. பிஃபாவின் தலைமை மருத்துவ அலுவலராக இருந்த யிரி துவோராக் தலைமையிலான குழு சுவிட்சர்லாந்து, மலேசியா, அல்ஜீரியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளைச் சேர்ந்த, 14 முதல் 19 வயது வரையிலான 496 காற்பந்து விளையாட்டாளர்களைப் படம் எடுத்து, வளர்தட்டின் இணைவை ஆறு படிநிலைகளாக வகுத்தது. ஆறாம் படிநிலை முழுமையான இணைவைக் குறிக்கும். 17 வயதுக்கு முன்னர் அந்நிலையை அடைவது மிக அரிது என 2007 இல் வெளியான இவ்வாய்வுகள் தெரிவித்தன.

2009 இல் நைஜீரியாவில் நடந்த உலகக்கோப்பையில் பிஃபா இச்சோதனையை நடைமுறைப்படுத்தியது. போட்டிக்கு முன்னரே நைஜீரியா தன் உத்தேச அணிக்குச் சோதனை நடத்தி, அதில் தேறாத 15 வீரர்களை நீக்கியதாகச் செய்திகள் வெளியாயின. மாற்று வீரர்களுடன் களமிறங்கிய அவ்வணி இறுதி ஆட்டம் வரை முன்னேறியது.

### சோதனையின் வரம்புகள்

இச்சோதனை பிறந்த நாளைக் கண்டறிவதில்லை. எலும்பின் முதிர்ச்சியை மட்டுமே காட்டுகின்றது. இதிலிருந்து இரு வகைப் பிழைகள் நேரலாம்.

* வளர்தட்டு தாமதமாக இணையும் 18 அல்லது 19 வயதினர் ஒருவர் சோதனையில் தேறிவிடலாம். ஆகவே தேறியது வயதுக்கான சான்றாகாது.
* வளர்தட்டு முன்கூட்டியே இணைந்த, உண்மையாகவே தகுதியுடைய ஒருவர் விலக்கப்படலாம். சனவரி 1 எல்லையின் காரணமாகப் பங்கேற்பாளர் சிலர் 17 வயது நிறைந்தவர்களாக இருப்பதால் இவ்வாய்ப்பு சற்றுக் கூடுகின்றது.

பெண்களுக்கு எலும்பு இணைவு ஆண்களைவிட முன்னரே நிகழ்வதால் இம்முறை பெண்கள் போட்டிகளுக்குப் பொருந்துவதில்லை.

### பிற்கால நிகழ்வுகள்

சோதனை அறிமுகமான பின்னரும் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. 2019 ஆப்பிரிக்கப் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற கினி, தன் இரு வீரர்களுக்கு முன்னர் வேறு பிறந்த நாள்கள் பதிவாகியிருந்தமையால் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. அதன் இடத்தில் செனகல் உலகக்கோப்பையில் விளையாடியது. இங்கு முறைகேட்டை வெளிப்படுத்தியவை பழைய ஆவணங்களே என்பது கவனிக்கத்தக்கது. 2023 சனவரியில் கமரூன் காற்பந்துக் கூட்டமைப்பு தன் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்குச் சோதனை நடத்தியபோது 30 வீரர்களுள் 21 பேர் தேறவில்லை என அறிவித்து அவர்களை நீக்கியது.

இம்முறைகேட்டினால் எதிரணி மட்டும் பாதிக்கப்படுவதில்லை. வயது கூடிய ஒருவர் அணியில் இடம்பெறும்போது, அதே நாட்டைச் சேர்ந்த, உண்மையாகவே 16 வயதுடைய ஒருவர் வாய்ப்பை இழக்கின்றார். அவர் யார் என்பது எந்தப் பதிவிலும் இடம்பெறுவதில்லை.

## பிறந்த மாதத்தின் தாக்கம்

பிறந்த நாள் முற்றிலும் சரியாக இருக்கும் அணிகளிலும் வயது வரம்பு ஒரு சாய்வை உண்டாக்குகின்றது. ஒரே ஆண்டில் சனவரியில் பிறந்தவர் திசம்பரில் பிறந்தவரைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவர். உடல் வளர்ச்சியில் முந்தியிருப்பவரைப் பயிற்றுநர் திறமைசாலியாகக் கருதித் தேர்ந்தெடுக்கின்றார். அதனால் அவருக்குக் கூடுதல் பயிற்சியும் கிடைக்கின்றது. இது ஒப்பீட்டு வயது விளைவு எனப்படும்.

1997 முதல் 2007 வரையான சுற்றுப்போட்டிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வில், விளையாட்டாளர்களுள் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களிலும், ஏறக்குறைய 16 விழுக்காட்டினர் மட்டுமே கடைசி மூன்று மாதங்களிலும் பிறந்தவர்கள் எனக் கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்க அணிகளில் இப்பாங்கு காணப்படவில்லை.

## இந்தியாவில் 2017 சுற்றுப்போட்டி

2017 அக்டோபர் 6 முதல் 28 வரை இச்சுற்றுப்போட்டி இந்தியாவில் நடைபெற்றது. இந்தியா நடத்திய முதல் பிஃபா போட்டி இதுவாகும். கொல்கத்தா, புது தில்லி, நவி மும்பை, குவகாத்தி, கொச்சி, கோவாவின் மட்காவ் ஆகிய ஆறு நகரங்களில் ஆட்டங்கள் நடந்தன. மொத்தம் 13,47,133 பார்வையாளர்கள் அரங்குகளுக்கு வந்தனர். 1985 இல் சீனாவில் பதிவான எண்ணிக்கையை இது விஞ்சியது.

நடத்தும் நாடு என்ற முறையில் இடம்பெற்ற இந்தியா, ஐக்கிய அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4 எனத் தோற்றுக் குழுநிலையில் வெளியேறியது. அக்டோபர் 9 அன்று கொலம்பியாவுக்கு எதிராக, மூலை உதையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி ஜீக்சன் சிங் அடித்த கோல், பிஃபா உலகக்கோப்பைப் போட்டியொன்றில் இந்தியா அடித்த முதல் கோலாகும். 21 பேர் கொண்ட அணியில் எண்மர் மணிப்பூர் மாநிலத்தைச் சேர்ந்தவர்கள்.

கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் 0-2 எனப் பின்தங்கியிருந்த இங்கிலாந்து, ஸ்பெயினை 5-2 என வென்றது. இங்கிலாந்தின் ரியான் புரூஸ்டர் 8 கோல்களுடன் அதிக கோல் அடித்தவராகவும், பில் போடன் சிறந்த விளையாட்டாளராகவும் தேர்வு பெற்றனர்.

## மூத்தோர் அணிகளுக்கான பாதை

சிறந்த விளையாட்டாளருக்கான தங்கப் பந்து விருதை வென்றோருள் செசுக் பாப்ரிகாசு (2003), டோனி குரூசு (2007) ஆகியோர் பின்னர் முறையே 2010, 2014 ஆம் ஆண்டுகளில் மூத்தோர் உலகக்கோப்பையை வென்ற அணிகளில் இடம்பெற்றனர். 1999 இல் விருது பெற்ற லாண்டன் டொனோவன் ஐக்கிய அமெரிக்காவின் முன்னணி வீரரானார்.

மாறான எடுத்துக்காட்டுகளும் உள்ளன. 1991 இல் விருது பெற்ற கானாவின் நீ லாம்ப்டே, 16 வயதிலேயே பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் கழகத்தில் விளையாடத் தொடங்கியவர். பெலேயின் வழித்தோன்றல் என அக்காலத்தில் பேசப்பட்ட அவர், பின்னர் பல நாடுகளின் கழகங்களுக்கு மாறி மாறிச் சென்றும் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. 1989 இல் விருது பெற்ற ஸ்காட்லாந்துக் கோல் காப்பாளர் ஜேம்ஸ் வில் பின்னர் காவல்துறையில் பணிபுரிந்தார். ஐந்து முறை இளையோர் கோப்பையை வென்ற நைஜீரியா, மூத்தோர் உலகக்கோப்பையில் இறுதி 16 அணிகளுக்கு அப்பால் சென்றதில்லை.

## முடிவுகள்

| ஆண்டு | நடத்திய நாடு | வாகையாளர் | முடிவு | இரண்டாமிடம் |
|---|---|---|---|---|
| 1985 | சீனா | நைஜீரியா | 2-0 | மேற்கு ஜெர்மனி |
| 1987 | கனடா | சோவியத் ஒன்றியம் | 1-1 (ச.உ.) | நைஜீரியா |
| 1989 | ஸ்காட்லாந்து | சவூதி அரேபியா | 2-2 (ச.உ.) | ஸ்காட்லாந்து |
| 1991 | இத்தாலி | கானா | 1-0 | ஸ்பெயின் |
| 1993 | யப்பான் | நைஜீரியா | 2-1 | கானா |
| 1995 | எக்குவடோர் | கானா | 3-2 | பிரேசில் |
| 1997 | எகிப்து | பிரேசில் | 2-1 | கானா |
| 1999 | நியூசிலாந்து | பிரேசில் | 0-0 (ச.உ.) | ஆஸ்திரேலியா |
| 2001 | டிரினிடாட் டொபாகோ | பிரான்ஸ் | 3-0 | நைஜீரியா |
| 2003 | பின்லாந்து | பிரேசில் | 1-0 | ஸ்பெயின் |
| 2005 | பெரு | மெக்சிக்கோ | 3-0 | பிரேசில் |
| 2007 | தென் கொரியா | நைஜீரியா | 0-0 (ச.உ.) | ஸ்பெயின் |
| 2009 | நைஜீரியா | சுவிட்சர்லாந்து | 1-0 | நைஜீரியா |
| 2011 | மெக்சிக்கோ | மெக்சிக்கோ | 2-0 | உருகுவே |
| 2013 | ஐக்கிய அரபு அமீரகம் | நைஜீரியா | 3-0 | மெக்சிக்கோ |
| 2015 | சிலி | நைஜீரியா | 2-0 | மாலி |
| 2017 | இந்தியா | இங்கிலாந்து | 5-2 | ஸ்பெயின் |
| 2019 | பிரேசில் | பிரேசில் | 2-1 | மெக்சிக்கோ |
| 2023 | இந்தோனேசியா | ஜெர்மனி | 2-2 (ச.உ.) | பிரான்ஸ் |
| 2025 | கத்தார் | போர்த்துகல் | 1-0 | ஆஸ்திரியா |

ச.உ. - சமன்நீக்கி உதைகளில் வெற்றி.

## பெண்களுக்கான சுற்றுப்போட்டி

17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக்கோப்பை 2008 இல் நியூசிலாந்தில் தொடங்கியது. முதல் கோப்பையை வட கொரியா வென்றது. 2022 சுற்றுப்போட்டி இந்தியாவின் புவனேசுவரம், மட்காவ், நவி மும்பை ஆகிய நகரங்களில் நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் கொலம்பியாவை 1-0 என வென்றது.

## இவற்றையும் பார்க்கவும்

* 20 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பைக் காற்பந்து
* உலகக்கோப்பைக் காற்பந்து
* ஒலிம்பிக்கில் காற்பந்து
* இந்தியத் தேசியக் காற்பந்து அணி